ஆளில்லாத ரோட்டில் சிவப்பு விளக்குக்கு நிற்பவர்

வெளிநாட்டில் குடியிருக்கும் நம்மவர்களில் பல வகை உண்டு. கருவாட்டுப் பொட்டலத்தைச் சட்டைக்குள் சுற்றி விமானம் ஏற்றுகிறவர் ஒரு வகை. பிள்ளைக்குத் தமிழ் வரவில்லை என்று ஊருக்கு வந்து ஆங்கிலத்தில் வருத்தப்படுகிறவர் இன்னொரு வகை. இவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. நான் இன்று உங்களுக்குக் காட்டப்போவது மூன்றாவது வகை. இவருக்கு நானே ஒரு பெயர் வைத்திருக்கிறேன்: அயலூர் ஒழுங்கர். பெரிய நகரம் ஒன்றில் இருப்பார். அங்கே அவருடைய பொழுதுபோக்கு, விளையாட்டு, ஆன்மிகம் எல்லாமே சட்டத்துக்குக் கீழ்ப்படிவதுதான்.

என்னோடு விருதுநகரில் ஒரே பெஞ்சில் படித்த சரவணக்குமாரை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் வியாபாரக் குடும்பம். பதினோரு வருஷமாக ஜெர்மனியில், மியூனிக் நகரத்தில், காருக்குள் வைக்கிற கம்ப்யூட்டருக்கு ஏதோ எழுதுகிறார். ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமல் எங்கள் பள்ளிக்கூட வாட்ஸப் குழுவில் ஒரு படம் வந்து விழும். அகலமான ரோடு. ஒரு வண்டி இல்லை, ஒரு நாய்கூட இல்லை. எதிரே சிவப்பு விளக்கு. இந்தப் பக்கம் கோட்டுப் போட்டுக்கொண்டு சரவணக்குமார். கீழே வாசகம்: 'யாரும் இல்லை. ஆனாலும் நிற்கிறேன்.'

நின்றால் நில்லப்பா, அதை ஏன் எங்களிடம் சொல்கிறாய் என்று கேட்கக் கூடாது. அவர் சந்தோஷமே அதில்தான் இருக்கிறது. காலி பாட்டில்களை வெள்ளைக் கண்ணாடி, பச்சைக் கண்ணாடி, பழுப்புக் கண்ணாடி என்று மூன்றாகப் பிரித்து, ஞாயிற்றுக்கிழமை போட்டால் சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் முகம் சுளிப்பார்கள் என்று திங்கள்வரை வீட்டிலேயே வைத்திருந்து, திங்களன்று தெருமுனைத் தொட்டியில் ஒவ்வொன்றாகப் போட்டு, அது உள்ளே போய் 'டங்' என்று விழும் சத்தத்தைப் பதிவு செய்து எங்களுக்கு அனுப்புவார். எட்டுப் பதினேழுக்கு வர வேண்டிய டிராம் வண்டி எட்டுப் பதினேழுக்கே வந்தால் ஒரு படம். எட்டுப் பதினெட்டுக்கு வந்தால் அதற்கு நிர்வாகம் மன்னிப்புக் கேட்டதாக ஒரு படம். ஒருநாள், பயணியே மிஷினில் குத்திக்கொள்ள வேண்டிய டிக்கெட் முத்திரையை மறந்து இரண்டு நிறுத்தம் போய்விட்டாராம். இறங்கி, திரும்ப நடந்து வந்து, முத்திரை குத்தி, மறுபடி ஏறினாராம். அந்தக் கதையை ஒரு வாரம் சொன்னார். நாங்களும் கேட்டோம். நல்ல மனுஷன்தானே என்று தோன்றும்.

மனுஷன் நல்லவர்தான், மதுரையில் விமானச் சக்கரம் தரையைத் தொடும்வரை.

தொட்டதும் என்ன ஆகிறது என்பது எனக்குப் பதினோரு வருஷமாக விளங்கவில்லை. பெல்ட்டைக் கழற்றச் சொல்லும் முன்பே எழுந்து பெட்டியை இறக்குகிற முதல் ஆள் அவர்தான். காரில் ஏறியதும் பெல்ட்டா, நம்மூரில் எதற்கு என்பார். ரயில்வே கேட் மூடியிருந்தால் இறங்கிப் போய்க் கேட் கீப்பரிடமே, "அண்ணே, வண்டி வர இன்னும் நேரம் இருக்குல்ல? ரெண்டே நிமிஷம் தூக்கி விடுங்க" என்பார். அந்த மனிதர் இவரைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்துவிட்டுக் கொடியை எடுக்கப் போய்விடுவார். பரோட்டாக் கடையில் மாஸ்டரைக் கையுறை போடச் சொல்லி ஐந்து நிமிடம் சுகாதார வகுப்பு எடுத்துவிட்டு, தான் ரொம்பத் தூரத்திலிருந்து வந்திருப்பதால் முன்னால் நிற்கிற ஏழு பேருக்கு முன்பே தனக்குத் தந்துவிடும்படி கேட்பார்.

சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்கு ஒரு சான்றிதழ் வாங்க நானும் கூடப் போனேன். டோக்கன் நாற்பத்து மூன்று. பலகையில் ஓடிக்கொண்டிருந்தது பத்தொன்பது. இவர் உட்காரவில்லை. ஆறு பேருக்குப் போன் போட்டு, இங்கே வேண்டப்பட்ட ஆள் யாராவது உண்டா என்று விசாரித்தார். யாரும் அகப்படவில்லை. இருபத்தெட்டு வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளிடம், "எங்க ஊர்ல எல்லாம் டோக்கன்னா டோக்கன்தாம்மா. யாரும் நடுவுல போக முடியாது" என்றார். எங்க ஊர் என்றால் மியூனிக்.

"இங்கயும் அதான தம்பி, நீங்க செத்த உக்காருங்க" என்றார் அந்த அம்மாள்.

சரி, இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாச்சாரம். இந்த வருஷம் தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது நடந்ததற்குத்தான் எனக்குச் சிரிப்பு வர மறுக்கிறது.

சரவணக்குமாரின் அக்கா பொன்னுத்தங்கத்தைக் கட்டியிருப்பவர் ராஜபாண்டியன். ஆனைக்குட்டம் பக்கம் பட்டாசு ஆலை வைத்திருக்கிறார். நான் சிவகாசியில் லேபிள் அச்சடிக்கிறவன். அவருடைய பெட்டிகளுக்கும் நான்தான் அச்சடிக்கிறேன். லீவில் வந்த சரவணக்குமார், மியூனிக் ஆபீஸ் ஆட்களுக்குப் பட்டாசு செய்வதை வீடியோ காலில் நேரடியாகக் காட்டுவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். அங்கே காலை எட்டரை, இங்கே உச்சிப்பொழுது பன்னிரண்டு. பத்துப் பேர் காப்பிக் கோப்பையோடு காத்திருக்கிறார்கள். ராஜபாண்டியனின் காரில் என்னையும் போட்டுக்கொண்டு மூவருமாகப் போனோம்.

பட்டாசு ஆலையை நீங்கள் பார்த்ததில்லை என்றால் ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே எல்லாமே தள்ளித்தள்ளி இருக்கும். சின்னச் சின்ன அறைகள், நடுவில் வேப்பமரம். ஓர் அறைக்குள் நாலு பேர்தான். போன் கூடாது. நைலான் துணி கூடாது. நுழையுமுன் வாசலில் பதித்த செப்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும், உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்குவதற்கு. சரவணக்குமார் மாதிரி ஒழுங்கு ரசிகருக்கு இதைவிடச் சொர்க்கம் வேண்டுமா?

கேட்டில் காவலாளி சங்கிலிமுத்து தட்டை நீட்டினார். நான் போனைப் போட்டேன். முதலாளி ராஜபாண்டியனே போட்டார். ஒழுங்கர் போடவில்லை.

"அத்தான், பத்துப் பேரு லைன்ல இருக்காங்க. ரெண்டே நிமிஷம்."

ராஜபாண்டியன் கொஞ்சம் யோசித்தார். வீட்டில் பொன்னுத்தங்கம் இருக்கிறார் என்பதையும் சேர்த்து யோசித்திருப்பார். "விடுப்பா, நம்ம மாப்ளதான்" என்றார் சங்கிலிமுத்துவிடம்.

மருந்து அடைக்கிற அறையின் வாசலில் வேல்விழி நின்றுகொண்டிருந்தார். பதினெட்டு வயதில் திரி வெட்ட வந்தவர். போர்மேன் பரீட்சை எழுதித் தேறி, இப்போது நாலு அறைகளுக்கும் அவற்றுக்குள் இருக்கிற பதினாறு பெண்களுக்கும் பொறுப்பு. அவர் பார்க்கிற அறைகளில் இதுவரை ஒருவருக்கும் விரல் நுனிகூடச் சுட்டதில்லை. எங்களைப் பார்த்ததும் கையை நீட்டி வழியை மறித்தார்.

"வாங்க மொதலாளி. சார் அங்கனயே நின்னுக்கிடட்டும். கையில போன் இருக்கு."

"இது நல்ல போனும்மா. ஒண்ணும் ஆகாது" என்றார் சரவணக்குமார், திரையில் தெரிந்த பத்து முகங்களையும் வேல்விழி பக்கம் திருப்பியபடி.

"நல்ல போனும் வரக் கூடாதுங்க. சட்டையும் நைலான் மாதிரி தெரியுது. உள்ள நாலு பேரு இருக்காக, அஞ்சாவது ஆளு கெடையாது."

"நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியும் சார். மொதலாளிக்கு மச்சினன். வெடிமருந்துக்குத் தெரியாதுல்ல."

உள்ளே இருந்த நாலு பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தாள், ஆனால் கேட்டுவிட்டது. காரியத்தைக் கெடுத்தது அந்தச் சிரிப்புதான். வேல்விழி சொன்னது சரி என்று ராஜபாண்டியனுக்குத் தெரியும். முப்பது வருஷமாகத் தொழில் செய்கிறவருக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனால் முதலாளியின் மச்சினனைப் பார்த்து ஒரு கூலிக்காரப் பெண் சிரித்தால் அது முதலாளியைப் பார்த்துச் சிரித்த கணக்கு. அவர் முகம் கறுத்தது.

"வேல்விழி, நீ நாளைலருந்து பாக்கிங்குக்குப் போ. இங்கன பாண்டிராஜ் பாத்துக்கிடுவான்."

சீசன் முடிகிறபோது யார் எந்த வேலையில் இருக்கிறாரோ, அடுத்த வருஷமும் அந்த வேலைதான். அது அந்த ஆலையின் வழக்கம். மூன்று வாரம் பெட்டி ஒட்டினால் வேல்விழி எழுதித் தேறிய பரீட்சை வெறும் காகிதம். அவர் முகத்தில் அது ஒரு நொடி தெரிந்தது.

"சரிங்க மொதலாளி. இன்னைக்குப் பொறுப்பு நான்தான?"

"ஆமா."

"அப்ப சார் இன்னைக்கு உள்ள வர வேண்டாம்."

நீட்டிய கையை அவர் இறக்கவே இல்லை. அந்த இடத்தில் எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. விழவில்லை. செப்புத் தகட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போதுதான் வேடிக்கை. திரையில் இருந்த பத்துப் பேருக்கும் தமிழ் தெரியாது. ஆனால் நீட்டிய உள்ளங்கை எல்லா ஊரிலும் ஒன்றுதானே? என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். போன் கொண்டுபோக அனுமதி இல்லை, அந்த அம்மாள் தடுக்கிறார் என்று சரவணக்குமார் விளக்கினார். அவ்வளவுதான், பத்துப் பேரும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார்கள். ஒழுங்கர் ஒரு வினாடி திகைத்தார். அடுத்த வினாடி தலையைச் சற்றே தாழ்த்தி, அந்தக் கைதட்டலைத் தானே வாங்கிக்கொண்டார்.

திரும்பும்போது காரில் அவருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. "பாத்தீங்களா அத்தான், எங்க ஆளுங்க எப்படிக் கைதட்டுறாங்கன்னு? ரூல்ஸுன்னா அவங்களுக்கு அப்படி ஒரு மரியாதை."

"அப்ப அந்தப் பிள்ளைய மறுபடி..." என்று நான் ஆரம்பித்தேன்.

"அது உள்ளூர் விஷயம்டா வெள்ளத்துரை. அத்தான் பாத்துக்கிடுவாங்க."

அத்தான் சன்னலுக்கு வெளியே பார்த்தார். நாலு பெண்கள் காதில் விழச் சொன்ன சொல்லை அன்று சாயங்காலமே திருப்பி எடுத்துக்கொண்டால் முதலாளியாக இருப்பதில் என்ன சுகம்?

வீடியோ காலைப் பதிவும் செய்திருக்கிறார், அன்றைக்கே அது பேஸ்புக்கில் வந்துவிட்டது. தன் பேச்சை எல்லாம் வெட்டிவிட்டார். வேல்விழி கையை நீட்டுகிறார், போன் வரக் கூடாது என்கிறார், முடிந்தது. மேலே நீளமாக ஒரு குறிப்பு: ஒழுங்கு என்பது ஐரோப்பாவுக்கு மட்டும் சொந்தமில்லையாம், தன் மண்ணிலும் ஒரு பெண் இருக்கிறாராம், நாம் கற்றுக்கொள்ள வேண்டுமாம். நாலாயிரம் பேர் பார்த்தார்கள். டொராண்டோவிலிருந்து ஒருவர் சல்யூட் வைத்தார். சிட்னியிலிருந்து ஒரு தம்பதி கண் கலங்கினார்கள். போன் வரக் கூடாத இடத்தில் அந்த வீடியோவை எடுத்த போன் யார் கையில் இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானா? நானும் ஒரு கைதட்டல் போட்டேன். பழகிய தோஷம்.

தீபாவளிக்கு எட்டு நாள் இருக்கையில் லேபிள் லோடு இறக்க ஆலைக்குப் போனேன். சரவணக்குமார் அதற்குள் மியூனிக் போய்ச் சேர்ந்து டிராம் படம் அனுப்ப ஆரம்பித்துவிட்டார். வேலை விட்டு வந்த வேல்விழி கேட்டுக்கு வெளியே பஸ்ஸுக்கு நின்றிருந்தார். விரலெல்லாம் பசை. ஏதோ பெரிய உபகாரம் செய்கிற மாதிரி அந்த வீடியோவை அவரிடம் காட்டினேன். முழுக்கப் பார்த்தார். கீழே எழுதியிருந்த பாராட்டுகளை நான் வாசிக்க வாசிக்கக் கேட்டுக்கொண்டார்.

"எம்புட்டுப் பேரு பாத்திருக்காக அண்ணாச்சி?"

"நாலாயிரத்துக்கு மேல."

"அங்கன பாண்டிராஜ் இப்ப ஆறு பேர உள்ள உக்கார வைக்கான். ஆர்டர் அவசரமாம். சொன்னா, பாக்கிங்குக்காரிக்கு இங்க என்ன பேச்சுங்கான்." வீடியோவில் உறைந்து நின்ற தன் கையையே பார்த்தார். "இந்த நாலாயிரம் பேருல ஒருத்தர் மொதலாளிக்கு ஒரு போன் போட்டுச் சொன்னாப் போதும். வெளிய இருந்து சொன்னா அவுக கேப்பாக. நீங்க சொல்றீகளா?"

நான் சொல்லலாம். ராஜபாண்டியனும் நானும் நாள் தவறாமல் பேசுகிறவர்கள்தான். ஆனால் பாருங்கள், இந்த சீசன் முழுக்க என் அச்சகம் ஓடுவது அவருடைய ஆர்டரில். இந்த நேரத்தில் போய்க் குடும்ப விஷயத்தில் மூக்கை நுழைத்தால் மனுஷன் என்ன நினைப்பார்? 'தீபாவளி கழியட்டும் வேல்விழி, பக்குவமாப் பேசுறேன்' என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. அவர் சரி என்றுதான் சொன்னார். எட்டு நாளில் தீபாவளியோடு சீசனும் கழிந்துவிடும் என்பது அவருக்கும் தெரியும்.

ஆகவே அன்பரே, அயலூர் ஒழுங்கரைத் தேடி நீங்கள் மியூனிக்வரை போக வேண்டியதில்லை. விமானமே ஏறாமல் அந்த வகையில் சேரலாம். அதற்கு நான் சாட்சி. இவ்வளவு நேரம் சரவணக்குமாரைப் பார்த்துச் சிரித்தீர்கள், வேல்விழிக்கு மனசுக்குள் கைகூடத் தட்டியிருப்பீர்கள். ரொம்ப சந்தோஷம். ராஜபாண்டியனின் நம்பர் என்னிடம் இருக்கிறது. உங்களுக்கு அவர் சொந்தமில்லை, உங்கள் பிழைப்பு அவர் கையில் இல்லை, நீங்கள் பேசினால் ஒரு நஷ்டமும் வராது. என் பெயரை மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொல்கிறேன், எழுதிக்கொள்கிறீர்களா? இல்லை, உங்களுக்கும் தீபாவளி கழியட்டுமா?