ஞானத்தகப்பனுக்கு ஒரு ஞானத்தாய்

ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை யாருக்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை என்று பேக்கரி மாஸ்டர் சபதம் எடுத்தது சோம்பேறித்தனத்தால் இல்லை. வாரத்தில் ஆறு நாள், ஊரே குறட்டை விடுகிற நேரத்தில் எழுந்து போய் மாவு பிசைகிற மனிதர் அவர். ஊர் எழுந்து பல் துலக்குவதற்குள் முந்நூறு பன்னுக்கு அப்பனாகியிருப்பார். ஏழாம் நாள் கடவுளே ஓய்வெடுத்தார், நான் எம்மாத்திரம் என்பது அவருடைய வாதம். அந்த வாதத்தை அவர் மனைவியிடம் மட்டும் வைத்ததில்லை. வைத்தால், 'கடவுள் முதல் ஆறு நாளில் உலகத்தையே முடிச்சார், நீங்க அந்தக் குளியலறைக் கதவை முடிச்சீங்களா?' என்று கேட்டுவிடுவாள்.

ஆள் நாத்திகரோ என்று நினைத்துவிடாதீர்கள். சாயங்காலப் பூசைக்குத் தவறாமல் போவார். கடைசித் தூணுக்குப் பின்னால் வாசலை ஒட்டி நிற்பார். இறுதி ஆசீர் முடியும்போது அவருடைய ஒரு கால் செருப்புக்குள் இருக்கும். மற்றபடி நல்ல கத்தோலிக்கர்தான்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் சோதனை வந்தது.

"என்னங்க, தங்கச்சியோட பெரிய பொண்ணுக்கு உறுதிப்பூசுதல் வருது" என்றாள் மனைவி.

"ரொம்ப சந்தோஷம். கேக் நான் போட்டுத் தரேன்."

"கேக் கிடக்கட்டும். அவளுக்கு ஞானத்தகப்பனா நீங்க நின்னா என்ன?"

மாஸ்டரின் நெஞ்சு, ஈஸ்ட் பிடித்த மாவு மாதிரி ஒரு சுற்று உப்பியது. அவரை இதுவரை யாரும் கேக்கைத் தவிர எதற்கும் கேட்டதில்லை. புதுச் சட்டை. விசுவாசத்தை உறுதிப்படுத்த ஆயர் அந்தப் பெண்ணின் நெற்றியில் தைலம் பூச, அவள் தோளில் இவர் வலது கையை வைத்துக்கொண்டு கம்பீரமாக நிற்பார். அப்புறம் ஆயரோடு போட்டோ. அதைப் பெரிதாக்கி பேக்கரியில் மாட்டலாம்.

"அதுக்கென்ன, நின்னுட்டாப் போச்சு! பெரியப்பான்னு எதுக்கு இருக்கேன்?"

"அப்படீன்னா நாளைலேருந்து வகுப்பு."

"அவளுக்குத்தானே?"

"ஞானத்தகப்பனும் கூடவே உக்காரணும்னு புது ஃபாதரோட சட்டம். முதல் பூசை, அது முடிஞ்சதும் வகுப்பு."

"முதல் பூசைன்னா..."

"அஞ்சரைக்கு."

"காலையிலயா?"

"பின்னே, முதல் பூசையை எவராவது சாயங்காலம் வைப்பாங்களா?"

மாஸ்டர் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். தண்ணீரைக் குடித்துவிட்டு, குரலை இறக்கிக்கொண்டு ஆரம்பித்தார்.

"எனக்கு வேதம் அவ்வளவாத் தெரியாதும்மா."

"அதுக்குத்தான் வகுப்பு."

"முழங்கால் வேற மடக்க முடியல."

"மாவு மூட்டையைத் தோள்ல போட்டுட்டு மாடி ஏறுறப்போ மடங்குதே?"

"உன் தம்பி இருக்கானே, நல்ல பக்திமான்..."

"அவன் மூணு பிள்ளைங்களுக்கு நின்னாச்சு. ஒரு பிள்ளை பேரும் ஞாபகம் இல்ல அவனுக்கு."

"நான் ஒரு பாவி."

"அது எனக்குத் தெரியும். இன்னிக்கு சாயங்காலம் பாவசங்கீர்த்தனம் இருக்கு. போய்ச் சொல்லிட்டு வந்துடுங்க."

பேச்சு அத்தோடு முடிந்தது. தட்டுகள் உள்ளே போயின. மாஸ்டர் சாய்வு நாற்காலியில் விழுந்து கூரையைப் பார்த்தார். போச்சு, எல்லாம் போச்சு. அந்தப் பத்து மணி வெயில் ஜன்னல் வழியாக வந்து பாதத்தைத் தொடுவதும், புரண்டு படுப்பதும், மறுபடி அரைத் தூக்கமும்... எவ்வளவு சுகம்! அதற்கு முடிவு காலம் வந்துவிட்டதே என்று நிஜமாகவே அவருக்கு அழுகை வந்தது.

அப்போதுதான் பொறி தட்டியது.

அவருக்கே இன்னும் உறுதிப்பூசுதல் ஆகவில்லை! சின்ன வயதில் கூடப் படித்த பிள்ளைகளெல்லாம் ஆயர் முன்னால் வரிசையில் நின்ற அன்று, இவர் பொன்னுக்கு வீங்கி வந்து இரண்டு கன்னமும் வீங்கிப்போய்ப் படுக்கையில் கிடந்தார். ஆயர் அடுத்த முறை வருவதற்குள் இவருக்கு மீசை அரும்பிவிட்டது. பொடிசுகளோடு போய் நிற்கக் கூச்சம். அப்படியே விட்டுப்போயிற்று. கல்யாணத்தின்போது அந்த வயதான ஃபாதர் கேட்க மறந்தார், இவர் சொல்ல மறந்தார். விஷயம் தெரிந்த ஒரே ஆள் இவருடைய அம்மா. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

உறுதிப்பூசுதல் வாங்காதவன் ஞானத்தகப்பனாக நிற்க முடியாது. இது திருச்சபைச் சட்டம். தூணுக்குப் பின்னால் நின்றாலும் காது கேட்கும் அல்லவா, அறிவிப்பில் ஒருமுறை கேட்டிருந்தார்.

மாஸ்டர் துள்ளி எழுந்தார். மனைவியிடம் இதைச் சொன்னால் ஏதாவது குறுக்குக் கேள்வி கேட்பாள். நேரே ஃபாதரிடம் போய்விட வேண்டியது. அவரே வேண்டாம் என்று சொல்லட்டும். நமக்குக் கெட்ட பேரும் வராது. கண்ணாடிக்கு முன்னால் நின்று முகத்தைச் சோகமாக வைத்துப் பார்த்தார். மூன்றாவது தடவை பரவாயில்லாமல் வந்தது. கையில் ஒரு பொட்டலம் பன்னையும் எடுத்துக்கொண்டார்.

"பாவசங்கீர்த்தனத்துக்கா போறீங்க?" என்றாள் மனைவி உள்ளேயிருந்து.

"அது மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு விசிலடித்துக்கொண்டே இறங்கினார்.

புது ஃபாதர் சின்ன வயது. கோயிலை ஒட்டிய பங்கு அலுவலகத்தில் தரையில் உட்கார்ந்து மைக் வயரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். மாஸ்டரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்க மாஸ்டர், வாங்க! உங்களைத்தான் எதிர்பார்த்துட்டு இருக்கேன்."

அந்த இடத்திலேயே மாஸ்டர் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

"ஃபாதர், மனசுல ஒரு பாரம்" என்று ஆரம்பித்தார். பொன்னுக்கு வீங்கியை விவரமாகச் சொன்னார். வலது கன்னம் எவ்வளவு, இடது கன்னம் எவ்வளவு என்று கையால் காட்டினார். "அந்தப் பொண்ணுக்கு நிக்கணும்னு எனக்குக் கொள்ளை ஆசை. ஆனா சட்டம் இடம் கொடுக்காதே, என்ன செய்ய?"

"கண்டிப்பா இடம் கொடுக்காது."

"அப்போ நான் வேண்டாம்ல?"

"ஞானத்தகப்பனா வேண்டாம்."

மாஸ்டருக்குப் பறக்க வேண்டும் போலிருந்தது. சோக முகத்தை இன்னும் கொஞ்ச நேரம் பிடித்து வைப்பதே பெரும்பாடாகிவிட்டது.

"பாவம், அந்தப் பொண்ணு. இப்போ யார் நிப்பாங்க?"

"உங்க மனைவிதான். அது போன மாசமே பேசி முடிவாயிடுச்சே."

"போன மாசமா?"

"ஆமா. நீங்க இன்னிக்கு வருவீங்கன்னும் சொன்னாங்க. பன் கொண்டு வருவீங்கன்னும் சொன்னாங்க." ஃபாதர் பொட்டலத்தைப் பிரித்து ஒன்றை எடுத்துக் கடித்தார். "'நாம கூப்பிட்டா அவர் வரமாட்டார் ஃபாதர், தப்பிச்சு ஓடுறப்போ தானா உங்ககிட்ட வருவார், அப்படியே பிடிச்சுக்கங்க'ன்னாங்க. உக்காருங்க மாஸ்டர், ஏன் நிக்கறீங்க? நாளைலேருந்து வகுப்பு. உங்களுக்கும்தான். ஆயர் வர்ற அன்னிக்கே உங்களுக்கும் உறுதிப்பூசுதல் கொடுத்துடலாம்."

மாஸ்டர் உட்கார்ந்தார். கால் அவரைக் கேட்காமலே மடங்கியது.

"பெரியவங்களுக்குத் தனியா சாயங்கால வகுப்பு..."

"நீங்க ஒருத்தர்தான் பெரியவர். ஒருத்தருக்காக எப்படி? பிள்ளைங்களோட உக்காந்துக்கங்க."

"எனக்கும் ஒரு ஞானத்தகப்பன் வேணுமே ஃபாதர், அவ்வளவு சீக்கிரம் யார் கிடைப்பாங்க?"

"ஞானத்தாயும் நிக்கலாம். உங்க மாமியார் சந்தோஷமா ஒத்துக்கிட்டாங்க."

மாஸ்டர் வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்பது அவருக்கே தெரியாது. மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஃபாதர் என்ன சொன்னார்?" என்றாள், ஒன்றும் தெரியாதவள் போல.

"நடிக்காதே! உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்க அம்மா சொன்னாங்க."

"எப்போ?"

"கல்யாணம் ஆன முதல் வாரமே. 'எம்பிள்ளைக்கு இது ஒண்ணு மட்டும் குறையா நின்னுபோச்சு, நான் அப்பவே கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிருக்கணும்'னு சொல்லி அழுதாங்க. ஆஸ்பத்திரியில கடைசியா என்கிட்ட பேசினப்பவும் அதைத்தான் கேட்டாங்க." அவள் ஒரு சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். "வாக்கு கொடுத்துட்டேன். எனக்கு அது உறுத்திக்கிட்டே இருந்துச்சுங்க."

மாஸ்டருக்குக் கோபம் எந்தப் பக்கமாகப் போயிற்றென்றே தெரியவில்லை. அம்மா அழுதாள் என்பது அவருக்குப் புதிய செய்தி.

"இதை நேரா என்கிட்டயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"சொல்லலையா? எத்தனை ஞாயித்துக்கிழமை சொல்லியிருக்கேன்! ஒவ்வொரு தடவையும் 'ம்'னு சொல்லிட்டுப் புரண்டு படுத்துட்டீங்க."

மறுநாள் இருட்டோடு கதவு தட்டப்பட்டது. மாமியார் குடைக் கைப்பிடியால் தட்டினார். அவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. அந்த அம்மாளின் தட்டுக்கு எழுந்திருக்காத பிள்ளை இதுவரை பிறக்கவில்லை.

"மாப்பிள்ளை, நேரமாச்சு."

"அத்தை, நீங்க ஏன் சிரமப்பட்டு... நானே வந்துடுவேனே."

"அதுக்காகத்தான் வந்தேன்."

வகுப்பில் பெஞ்சு பிள்ளைகளுக்குச் செய்தது. மாஸ்டர் உட்கார்ந்தால் முழங்கால் தாடையை இடித்தது. பக்கத்தில் கொழுந்தியாள் மகள். பென்சில் கொடுத்தாள், பக்கம் புரட்டிக் கொடுத்தாள், கொட்டாவி விடும்போதெல்லாம் விலாவில் ஒரு குத்தும் கொடுத்தாள்.

"பெரியப்பா, தூய ஆவியோட ஏழு கொடை என்னென்ன? சொல்லுங்க."

"ஞானம், புத்தி, விமரிசை, திடம், அறிவு, பக்தி... ஏழாவது?"

"தெய்வபயம்!"

"பயம் எப்படி மறந்துச்சு எனக்கு? முதல் ஆறும் உன் பெரியம்மாகிட்ட இருக்கு. எனக்குக் கிடைச்சதே அந்த ஏழாவது மட்டும்தான்."

வகுப்பே சிரித்தது. ஃபாதரும் சிரித்தார். பின்வரிசையில் ஞானப்பெற்றோரோடு உட்கார்ந்திருந்த மாமியார் மட்டும், "மாப்பிள்ளை, முன்னால பாருங்க" என்றார்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், மாஸ்டருக்கு நாளாக ஆக அது பிடித்துப்போயிற்று. சனிக்கிழமை மிஞ்சிய பன்னை ஒரு பையில் கட்டிக்கொண்டு போவார். அதற்குப் பிறகு வகுப்புக்கு ஒரு பிள்ளை தவறவில்லை. அதை ஃபாதர் தம்முடைய பிரசங்கத்தின் பலன் என்று நினைத்துக்கொண்டார், மாஸ்டரும் மறுக்கவில்லை. வகுப்பு முடிந்து பெண்ணும் மனைவியும் மாமியாருமாக வெயில் ஏறாத தெருவில் நடந்து வரும்போது, எதிரே வருகிறவர்கள் நின்று பேசுவார்கள். இத்தனை வருஷம் இந்த ஊருக்கு ரொட்டி போட்டும் அதைத் தின்கிற முகங்களை அவர் பார்த்ததே இல்லை. 'இதுவும் ஒரு சுகம்தான்' என்று நினைத்துக்கொண்டார். வெளியே சொல்லவில்லை. சொன்னால் மனைவி பிடித்துக்கொள்வாள்.

ஆயர் வரும் நாளும் வந்தது. கோயில் நிறைய ஜனம். வரிசையில் முழங்கை உயரப் பிள்ளைகளுக்கு நடுவே, புதுச் சட்டையில் மாஸ்டர் தென்னைமரம் மாதிரி நின்றார். அவருக்கு முன்னால் அந்தப் பெண், அவள் தோளில் மனைவியின் கை. மாஸ்டரின் தோளில் மாமியாரின் கை. அதைக் கை என்று சொல்ல முடியாது, பிடி.

ஆயர் நிமிர்ந்து பார்த்தார். பிள்ளை எங்கே என்று தேடினார். பிறகு புரிந்துகொண்டு, புன்னகையோடு தாழ்ந்த குரலில் கேட்டார்.

"இவ்வளவு காலம் எங்கேப்பா இருந்தீங்க?"

மாஸ்டர் பதில் தேடுவதற்குள் பின்னாலிருந்து மாமியாரின் குரல் கணீரென்று வந்தது: "தூங்கிட்டு இருந்தார், ஆயர் ஆண்டவரே."

மூன்று வரிசை வரைக்கும் சிரிப்பு பரவியது. ஆயரும் உதட்டைக் கடித்துக்கொண்டுதான் கட்டைவிரலைத் தைலத்தில் தோய்த்தார். ஆனால் அந்த விரல் நெற்றியில் சிலுவை வரைந்தபோது மாஸ்டர் சிரிக்கவில்லை. தைல வாசனை மூக்கில் ஏறியது. அம்மா இருந்து பார்த்திருக்கலாமே என்று நினைத்தார், கண் பொலபொலவென்று கொட்டிவிட்டது. தோளில் இருந்த பிடி சட்டென்று இளகி, இரண்டு தட்டுத் தட்டியது. "ஆமென்" என்றார் மாஸ்டர், தூண் வரைக்கும் கேட்கிற மாதிரி.

பூசை முடிந்து முற்றத்தில் கேக் வெட்டினார்கள். மாஸ்டர் போட்ட கேக்தான். ஆயரோடு போட்டோ எடுத்தாயிற்று. வயிறும் மனசும் நிறைந்து, மாஸ்டர் கையைத் தூக்கி எல்லாருக்கும் கேட்கும்படி அறிவித்தார்.

"கடமை முடிஞ்சது! அடுத்த ஞாயித்துக்கிழமை பத்து மணி வரைக்கும் என்னை யாரும் எழுப்பக்கூடாது. வீடே இடிஞ்சு விழுந்தாலும் சரி."

"தாராளமாத் தூங்குங்க, யார் வேண்டாம்னா?" என்றாள் மனைவி, ஒரு துண்டு கேக்கை அவர் வாயில் ஊட்டியபடி. "ஆனா தங்கச்சியோட சின்னவளுக்கு அடுத்த வகுப்பு அன்னிக்குத்தான் ஆரம்பம். அவளுக்கு ஞானத்தகப்பன் நீங்கதான்னு பேர் கொடுத்திருக்கேன்."

"என்னது? எப்போ கொடுத்தே?"

"போன வருஷமே. உங்களுக்கு அந்தத் தகுதி வரணுமேன்னுதான் இவ்வளவு பாடும்."

மாஸ்டர் கேக்கை அவசரமாக விழுங்கிவிட்டு ஃபாதரைப் பார்த்தார்.

"சட்டப்படி இப்போ ஒரு தடையும் இல்ல மாஸ்டர்" என்றார் ஃபாதர்.

மாஸ்டர் ஒரு சாக்குச் சொல்ல வாயைத் திறந்தார். இருந்த ஒரே சாக்கையும் சற்றுமுன்தான் அவர் வரிசையில் நின்று, நெற்றியைக் காட்டி, சத்தமாக ஆமென் சொல்லி ஒப்படைத்துவிட்டு வந்திருந்தார்.