அடைக்கோழி அண்ணாச்சியின் பன்னிரண்டு முட்டைகள்

சிவகாசி வட்டாரத்திலேயே வெடிச்சத்தத்தை எதிர்த்து அரசாங்கத்துக்கு மனுப்போட்ட ஒரே மனிதர், சுத்தமாகக் காது கேளாதவர். அந்த மனுவைப் பதிந்த குமாஸ்தா நான் என்பதால் அடித்துச் சொல்கிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில் அவருக்கு அடுத்த வீட்டில் குடியிருந்தேன். தெரு அவரை அடைக்கோழி அண்ணாச்சி என்றது. பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கியவர். ஒருநாள் கலவை அறை வெடித்தது. உடனிருந்த மூன்று பேர் போனார்கள். இவருக்குக் காது மட்டும் போயிற்று. அதன்பின் வேலைக்குப் போகாமல் கோழி வளர்த்தார். கோழிகளோ, கம்பெனிக்காரர்கள் வெடியைச் சோதித்துப் பார்க்கும்போதெல்லாம் அடையை விட்டெழுந்து ஓடின.

"பெட்டி ஓடாதுல்ல?" என்றார் அண்ணாச்சி.

ஒரு மரப்பெட்டியில் தவிடு பரப்பிப் பன்னிரண்டு முட்டைகளை அடுக்கினார். தகரத் தடுப்புக்கு அந்தப்பக்கம் அரிக்கேன் விளக்கு. சூடு பார்க்க, டாக்டரிடம் கெஞ்சி வாங்கிய தர்மாமீட்டர். நூறு டிகிரி இருக்க வேண்டும். ஊரார் காய்ச்சல் ஏறினால் பதறுவார்கள். இவர் இறங்கினால் பதறினார். முட்டைகளில் கரிக்கோடு போட்டு நாளுக்கு மூன்று முறை புரட்டுவார். துக்க வீட்டுக்குப் போவதானாலும் புரட்டிவிட்டுத்தான் கிளம்புவார்.

இடி இடித்தால் அடைமுட்டை கலங்கிவிடும் என்று எங்கள் பக்கம் அடைக்கூடையில் ஓர் இரும்பாணி போடுவார்கள். அண்ணாச்சி அரைப்படி ஆணி போட்டார். அப்படியும் மனம் கேளாமல், இருபத்தொரு நாளைக்கு வெடிச்சோதனையை நிறுத்தக் கோரி, முத்திரை ஒட்டிய மனுவோடு என் மேஜை முன் வந்து நின்றார். உமக்குத்தான் கேட்காதே என்று சைகை காட்டினேன்.

"எனக்கில்லய்யா, முட்டைக்கு."

தலையாட்டி வாங்கிக்கொண்டேன். மனு மூன்று மேஜை ஏறி இறங்கியது. முட்டைகள் இவ்வலுவலக வரம்புக்குள் வரா என்று பதில் எழுதியவனும் நானே. சுவருக்கு அந்தப்புறம் இருந்தவருக்கு அதை முறைப்படி தபாலில் அனுப்பினேன்.

இருபதாம் நாள் காலை என் கையைப் பிடித்து இழுத்துப் போனார். பொரிவதற்கு முன் குஞ்சு ஓட்டுக்குள்ளேயே கத்துமாம். அதைக் கேட்க அவருக்கு ஒரு காது தேவைப்பட்டது.

"இந்தக் கை கலக்குன மருந்துல மூணு பேரு போயிட்டாக. இதே கையில ஒண்ணாவது உசுரோட வரணும். கேளுங்கய்யா."

பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகக் காதில் வைத்தேன். கூழாங்கற்களை வைத்ததுபோல் இருந்தது. கோப்பில் ஒரு வரிகூடப் பொய் எழுதாதவன், அவரைப் பார்த்துத் தலையாட்டினேன்.

இருபத்து மூன்றாம் நாள் அவர் கொல்லையில் குழி வெட்டி முட்டைகளைப் புதைத்துக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன். அவர் நிமிரவில்லை.

"ஒண்ணும் கேக்கலைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். என் மனுவ வாங்கும்போது தலையாட்டுனீகல்ல, அதே மாதிரிதான் ஆட்டுனீக."

கடைசி மண்ணையும் தள்ளி மூடினார்.

"ஆனா அந்த மூணு நாளும் நல்லாத் தூங்குனேன்யா."

மறுவாரம் வேறு பன்னிரண்டு அடுக்கினார். அவை பொரிவதற்குள் எனக்கு ராமநாதபுரத்துக்கு மாற்றல் வந்துவிட்டது. என்ன ஆயிற்று என்று கேட்டுக் கார்டு போட்டேன். பதில் இல்லை.

இப்போதும் கடையில் முட்டை வாங்கினால் ஒவ்வொன்றையும் காதோரம் கொண்டுபோகிறேன். அழுகலா என்று சோதிப்பதாகக் கடைக்காரருக்குக் கோபம். அவரிடம் என்ன சொல்வது, தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறேன்.