மாமனாரின் ஒரு தினாரை இஸ்திரி போட்ட கதை

வெளிநாட்டு நோட்டு சேர்ப்பவன் என்று சொன்னால் எங்கள் கருங்கல் ஊர்ப் பக்கத்தில் இரண்டே விதமாகத்தான் பார்ப்பார்கள். ஒன்று, ஹவாலாக்காரன். இல்லையென்றால், கிறுக்கன். என் மூஞ்சியைப் பார்த்து இதுவரை யாரும் ஹவாலா என்று சந்தேகப்பட்டதில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் எனக்கு இருந்த அந்தப் பைத்தியத்தை நினைத்தால் இப்போதும் எரிச்சல் எரிச்சலாக வருகிறது. வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கும் ஊர் இது. யாராவது லீவுக்கு வந்திருக்கிறார் என்று காதில் விழுந்தால் போதும், அவர் பெட்டியைப் பிரிக்கும் முன்பே நான் வாசலில் நிற்பேன். மற்றவர்கள் சென்ட்டுக்கும் சோப்புக்கும் காத்திருக்க, நான் மட்டும், "அண்ணா, செலவழியாத நோட்டு ஏதாவது மிச்சம் கெடக்கா?" என்று கேட்பேன். (வெட்கம் என்ற ஒன்று அப்போது எனக்குக் கிடையாது.) கடைசியில், கடியப்பட்டணத்தில் இருந்து கப்பல் வேலைக்குப் போகும் ஒரு நண்பன் என்னைத் தூரத்தில் கண்டாலே பைக்கைத் திருப்பிக்கொண்டு போக ஆரம்பித்தான்.

இதைவிடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. வாங்கிய நோட்டை எல்லாம் நான் இஸ்திரி போடுவேன். விவரம் தெரிந்த சேகரிப்பாளர்கள் இதைக் கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். மடிப்போ கறையோ, இருப்பதை இருக்கிறபடி விட வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். எனக்கு அது தெரியாது. ஆல்பத்தைத் திறந்தால் எல்லா நாடும் விறைப்பாக நிற்க வேண்டும் என்பது மட்டும்தான் தெரியும்.

இந்த லட்சணத்தில்தான் இரணியலில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண் பெயர் சுஜி. அவளுடைய அப்பா ஞானதாஸ், பாதி ஆயுசைக் குவைத்தில் டிரைவராகக் கழித்தவர். காபி வந்தது. பெண்ணும் வந்தாள். நான் அவளை ஏறிட்டுப் பார்ப்பதற்குள் என் சித்தப்பா, பையன் பல நாட்டு நோட்டு வைத்திருக்கிறான் என்று பேச்சை எடுத்துவிட்டார். ஞானதாஸ் மாமாவின் முகம் மலர்ந்தது. உள்ளே போய்ப் பழைய பாஸ்போர்ட்டை எடுத்து வந்து, அதற்குள் இரண்டாக மடித்து வைத்திருந்த ஒரு தினார் நோட்டை விரித்துக் காட்டினார்.

குவைத் விடுதலையானதன் நினைவாக அந்த நாடு வெளியிட்ட நோட்டு அது. சண்டை வந்தபோது சம்பாதித்ததை எல்லாம் போட்டுவிட்டுப் பாலைவனம் வழியாகத் தப்பி வந்தவர் அவர். சண்டை ஓய்ந்த பிறகு மறுபடியும் போனபோது, பழைய முதலாளி கட்டிப்பிடித்து அழுது, இதைக் கையில் வைத்தாராம். இதை வைத்துக் கடையில் எதுவும் வாங்க முடியாது. சொல்லிக்கொண்டு வரும்போதே மாமாவுக்குத் தொண்டை அடைத்தது.

நான் எங்கே அதைக் கேட்டேன்? என் கண் முழுவதும் அந்த நோட்டின் நடுவில் கிடந்த மடிப்பின் மேல் இருந்தது. நல்லபடியாக ஃபோட்டோ எடுத்து, ஒரு உறையில் போட்டு, நிச்சயத்தன்று திருப்பித் தருவதாகச் சொல்லிக் கேட்டேன். மாமா தயங்கினார். மகளைத் தருவதற்கு இவ்வளவு யோசிக்கவில்லை அந்த மனுஷன். பிறகு மெதுவாக நீட்டினார்.

"பத்திரம் மக்கா. எனக்க உயிரு இதுலதான் கெடக்கு."

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் காரியம், இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கியதுதான். நோட்டு கொஞ்சம் வழுவழுவென்று இருந்தது. குவைத்காரன் பணக்காரன், நல்ல காகிதத்தில் அடித்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். அது காகிதமே இல்லை, பிளாஸ்டிக். பெட்டியை வைத்து ஒரு இழுப்பு இழுத்தேன். நோட்டைக் காணோம். பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டதோ என்று திருப்பிப் பார்த்தேன். அங்கேயும் இல்லை. மேசை மேல் ஓரம் சுருண்டு, சின்னப் பப்படம் மாதிரி ஏதோ ஒன்று கிடந்தது. ஞானதாஸ் மாமாவின் உயிர்.

அம்மாவிடம் காட்டினேன். நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நீ எங்கயாவது ஓடிப் போயிரு. நான் ஆளக் காணலைன்னு சொல்லிக்கிடுதேன்."

வெந்நீரில் போட்டால் விரியும் என்று ஒரு மகாபுத்திசாலி சொன்னான். போட்டேன், இன்னும் சுருங்கியது. பிறகு நோட்டு வியாபாரிகளைப் போனில் துளைத்து எடுத்து, அதே மாதிரி நோட்டு ஒன்று சென்னையில் ஒருவரிடம் இருப்பதைக் கண்டுபிடித்தேன். அவர் சொன்ன விலைக்கு நிச்சய மோதிரமே இன்னொன்று வாங்கியிருக்கலாம். அழாத குறையாகப் பணத்தை அனுப்பினேன். நிச்சயத்துக்கு முந்தின நாள் பார்சல் வந்தது. சுருங்கியதைத் தூக்கிப் போடவும் மனசு வராமல் பர்ஸுக்குள் ஒளித்து வைத்தேன்.

நிச்சயத்தன்று இரணியல் வீடு நிறையச் சொந்தக்காரர்கள். நோட்டைக் கொடுத்தேன். மாமா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. மடிப்பைக் காணோமே என்றார்.

தேய்த்தேன் மாமா என்றேன். (தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாயைப் பொத்திக்கொண்டாவது இருந்திருக்கலாம். சவம், வாய் சும்மா இருந்தால்தானே!)

மாமாவுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. மருமகன் தேய்த்த நோட்டு என்று வீடு முழுக்கக் காட்டிக்கொண்டு வந்தார். சுஜியின் மாமி ஒருவருக்கு மகன் சிங்கப்பூரில். அந்த மாமி உடனே பர்ஸிலிருந்து, நாலாக மடித்த பத்து டாலர் நோட்டை எடுத்து, இதையும் ஒரு இழுப்பு இழுத்துக் கொடுங்கள் என்று நீட்டினார். தொட்டுப் பார்த்தேன். வழுவழுவென்று இருந்தது. யாரோ இஸ்திரிப் பெட்டியைக் கொண்டு வந்து வைத்தார்கள். மழை தூறினாலே போய்விடும் கரண்டு, அன்றைக்கென்று ஜம்மென்று இருந்தது. இதற்குத் தனிக் கைப்பக்குவம் வேண்டும், இன்னொரு நாள் பார்க்கலாம் என்று உளறினேன். குவைத்தில் தன் சட்டையை எல்லாம் தானே தேய்த்ததாகச் சொல்லி, மாமாவே பெட்டியை எடுத்து டாலர் மேல் ஒரு இழுப்பு இழுத்துவிட்டார்.

சிங்கப்பூர் சுருண்டது. மாமி, மகன் ரத்தம் சிந்திச் சம்பாதித்த காசு என்று சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். மாமா பெட்டியைத் தள்ளி வைத்தார். சம்பந்தி வீட்டார் முன்னால் கூனிக் குறுகி, சூடு கூடிப் போயிற்று போல, எனக்குத்தான் தெரியவில்லை என்று முணுமுணுத்தார். நான் அந்தப் பழியை அவர் தலையிலேயே விட்டுவிட்டு, மேலே ஓடும் ஃபேனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்படி ஒரு தறுதலை நான்.

அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசாத சுஜி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். சுருண்ட டாலரையும் விறைப்பான தினாரையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தாள்.

"ரெண்டும் ஒரே பிளாஸ்டிக் சாதனந்தான். அப்பா தேச்சது சுருங்கிட்டு. நீங்க தேச்சது மட்டும் எப்பிடிச் சுருங்கல?"

வேறு வழியில்லாமல் பர்ஸைத் திறந்து, அந்தப் பப்படத்தை எடுத்து மாமாவின் உள்ளங்கையில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். என் சித்தப்பா மெல்ல எழுந்து செருப்பைத் தேட ஆரம்பித்தார். கல்யாணம் அவ்வளவுதான் என்று எனக்கும் உறுதியாகிவிட்டது.

மாமா அதை ஒரு விரலால் தடவிப் பார்த்தார். பிறகு புது தினாரை எடுத்து என் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"அது நீ வெலைக்கு வாங்குனது. எனக்க நோட்டு இதுதான், கேட்டியா."

சுருங்கியதைப் பாஸ்போர்ட்டுக்குள் பத்திரமாக வைத்தார். பாயசம் ஆறுகிறது, மோதிரத்தைப் போடுங்கள் என்று எல்லாரையும் விரட்டினார். மாமிக்குப் பத்து டாலரை நான்தான் அழுதேன்.

இன்றைக்கும் அந்த வீட்டுக்கு யார் வந்தாலும் காபிக்கு முன்னால் பாஸ்போர்ட் வந்துவிடும். முதலாளி கட்டிப்பிடித்து அழுத கதையை மாமா இரண்டு வரியில் முடித்துவிட்டு, மருமகன் கதைக்குத் தாவிவிடுவார். இப்போதெல்லாம் அதைச் சொல்லும்போதுதான் அவருக்குத் தொண்டை அடைக்கிறது, சிரிப்பில். நான் தங்கும் நாட்களில் இஸ்திரிப் பெட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைச் சுஜி வைத்துக்கொள்கிறாள். என் சட்டையைத் தேய்த்துத் தரச் சொன்னால், முதலில் துணியைத் தொட்டுப் பார்த்து, இது காகிதமா பிளாஸ்டிக்கா என்று மாமியார் முதல் என் மகள் வரை கேட்கிறார்கள். எதற்கு வம்பென்று நான் இப்போது தேய்க்கவே சொல்வதில்லை. அந்தக் குடும்பத்து விசேஷ ஃபோட்டோக்கள் எல்லாவற்றிலும் கசங்கிய சட்டையோடு நிற்பது நான்தான்.