அழுகிய முட்டை வாசமும் அடைத்துக்கொண்ட கன்வெர்ட்டரும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதிக்கொள்வது. உங்கள் அத்தையும் நானும் சுகம். அங்கே நீங்கள் மூவரும் அப்படியே இருக்க வேண்டும். இங்கே சுகமில்லாத ஒரே ஆள் கார்தான். "அந்த ஓட்ட வண்டியத் தள்ளி விட்டுடுங்க மாமா, வாங்கற ஆளை நான் அனுப்பறேன்" என்று போன மாதமே சொன்னீர்கள். நான்தான் முறுக்கிக்கொண்டேன். இப்போது இறங்கி வந்துவிட்டேன், இந்த ஞாயிறே அனுப்பிவிடுங்கள்.

எல்லாம் ஒரு நாற்றத்தில் ஆரம்பித்தது. காரில் சற்று தூரம் போனாலே அழுகிய முட்டை வாசம். உங்கள் அத்தை என்னைப் பார்க்காமல் கண்ணாடியை இறக்குவாள், நான் கண்ணியமாகச் சாலையையே பார்ப்பேன். கட்டின மனைவியிடம் இதைப் போய் வாய்விட்டுக் கேட்க முடியுமா? அவள் என் தட்டில் சாப்பாட்டைக் குறைத்தாள், நான் அவள் தலையணை பக்கத்தில் ஜீரண மாத்திரை வைத்தேன். கடைசியில் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே டாக்டரிடம் போய், வாசலில் முட்டிக்கொண்டோம். டாக்டர் முழுக்கதையும் கேட்டுவிட்டு, "ரெண்டு பேர் வயிறும் நல்லாத்தான் இருக்கு. மெக்கானிக்கைப் போய்ப் பாருங்க" என்றார்.

மெக்கானிக் காருக்கு அடியில் படுத்துக்கொண்டே சொன்னார்: "கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சார். புகையைச் சுத்தம் பண்ற சாமான். நாத்தம் இதுலேருந்துதான் வருது. உங்க பழைய இன்ஜெக்டர் பெட்ரோலத் தாராளமா ஊத்துது, எரியாத பெட்ரோல் இதுக்குள்ள போய் எரியுது. உள்ள தேன்கூடு மாதிரி இருக்கறது உருகி அடைச்சுக்கிச்சு. புகை போக வழியில்லாம இன்ஜினுக்கு மூச்சு முட்டுது." புதிது போடலாமே என்றால், அதன் விலை என் காரை விட அதிகமாம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்! போதாக்குறைக்கு, கடைக்கும் வீட்டுக்குமாக ஓட்டினால் அது சூடேறி வேலையைத் தொடங்குவதற்குள் வீடு வந்துவிடுமாம். என் மேலேயே குற்றம்.

சூடேறினாலோ அதைவிட மோசம். போன வாரம் காய்ந்த புல்லின் மேல் நிறுத்தினேன், அடியிலிருந்து புகை கிளம்பி, பக்கத்து வீட்டுக்காரர் தோட்டத்துக் குழாயோடு ஓடி வந்தார். தங்கை வீட்டுக்குப் போகிற மேட்டில், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போன ஒரு பெண் எங்களைத் தாண்டிப் போனாள். தாண்டியதோடு விடாமல், "தள்ளி விடணுமா ஐயா?" என்று கேட்டாள். இதற்கு மேல் என்ன மானம் இருக்கிறது மாப்பிள்ளை? தயங்காமல் ஆளை அனுப்புங்கள்.

மகளுக்கும் பேத்திக்கும் எங்கள் அன்பு. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், நல்ல வண்டியில் நீண்டகாலம் போய்வர வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பி.கு: கடிதத்தை உங்கள் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "வண்டியக் குடுக்கறதா? வீட்ல இருந்தா நீங்க பேப்பர், நான் போன். வண்டி ஊர்ந்து போறப்பதானே நீங்க வாயத் திறந்து பேசறீங்க! நல்லா இருக்குங்க எனக்கு" என்றாள். யோசித்துப் பார்த்தேன், எனக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனசில்லாமல் அனுப்புகிறேன். ஆளை அனுப்ப வேண்டாம். காய்ந்த புல்லில் நிறுத்த மாட்டேன், சத்தியம். மீறி அந்த ஆள் வந்தாலும் ஞாயிறு எங்களைப் பிடிக்க முடியாது. காலையிலேயே கிளம்பி, எங்காவது ரொம்ப தூரமாகப் போகப் போகிறோம்.