பாசி நைனாவின் தெளிந்த தண்ணீர்

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும், மீனைப் பார்த்ததும் குழம்பு ஞாபகம் வராத ஒரே மனிதர் எங்கள் பாசி நைனாதான். துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டி ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் ஓய்வு பெற்றால் சீட்டாடுவார்கள், மருமகளைத் திட்டுவார்கள். இவர் திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், தன் கொல்லையில் சிமெண்ட் குளம் கட்டி, கொளத்தூரிலிருந்து நாலு கோய் மீன் வாங்கி விட்டார். வெள்ளை உடம்பில் ஆரஞ்சுத் திட்டுப் போட்ட ஜப்பான் கெண்டை. ஒரு வேலையும் செய்யாமல் வாயைத் திறந்துகொண்டே சுற்றிய பெரிய மீனுக்கு 'சூப்பர்வைசர்' என்று பெயர்.

ஒரே மாதத்தில் தண்ணீர் பச்சைப்பசேலென்று ஆகிவிட்டது. உள்ளே மீன் இருப்பதை அவர் சொல்லித்தான் நம்ப வேண்டும். பிளீச்சிங் பவுடர் கொட்டச் சொன்னேன்.

"உன் வூட்ல கொசு கீதுன்னு வூட்டையே கொளுத்துவியா மாமு?" என்றார். "பாசியும் செடிதான். மீனு பேண்டது அதுக்குச் சோறு. அந்தச் சோத்த வேற செடி துன்னுட்டா பாசி பட்டினி கெடந்து பூடும்."

வேலம்பாசி என்ற நீர்ச்செடியைப் போட்டார். சூப்பர்வைசர் ஒரே பகலில் தின்று தீர்த்தது. அல்லி நட்டார். நாலும் சேர்ந்து வேரோடு பிடுங்கி மிதக்கவிட்டன. கடைசியில் கரைமேல் ஒரு தொட்டி வைத்து, ஜல்லி நிரப்பி, கல்வாழையும் சேம்பும் நட்டார். குளத்துத் தண்ணீரை வாளியால் மொண்டு தொட்டியில் ஊற்றுவார். அது வேர்களுக்கு நடுவே வடிந்து, குழாய் வழியாகக் குளத்துக்கே திரும்பும். காலையில் ஐம்பது வாளி, சாயங்காலம் ஐம்பது. மோட்டார் போடக் கூடாதா என்றால், வின்ச் ஓட்டிய காதுக்கு மோட்டார் சத்தமே ஆகாதாம். குளத்தில் எடுத்துக் குளத்திலேயே ஊற்றுகிறவரைப் பார்த்துத் தெருவே சிரித்தது. பாசி நைனா என்று பெயர் வைத்த புண்ணியவான் நான்தான்.

எட்டு மாதம் கழித்துக் கூப்பிட்டுக் காட்டினார். குளத்தின் தரை தெரிந்தது. சூப்பர்வைசரின் மீசைகூடத் தெரிந்தது. மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பெருமை யாரை விட்டது? தெருவையே கூப்பிட்டுக் காட்டினார். அது லாரித் தண்ணீருக்கு நாங்கள் குடத்தோடு அடித்துக்கொண்ட கோடை. கைப்பம்பை அடித்தால் மஞ்சளாக, எண்ணெய் வாடையோடு வரும். எதிர்வீட்டு தேசம்மாக்கா குளத்தைக் குனிந்து பார்த்தார். மீனைப் பார்க்கவில்லை.

"இன்னா நைனா, இம்மாந் தண்ணிய வச்சிகினு எங்கள லாரி பின்னாடி ஓட வுட்டுகினு கீற?"

"அது மீனுக்கு, அக்கா."

"நானும் குடிக்கவா கேக்கறேன்? துணி அலசத்தான்."

ஒரு குடம் கொடுத்தார். அவ்வளவுதான், தெருவுக்குக் கொல்லைக்கதவின் வழி தெரிந்துவிட்டது. லாரி வராத ஒரு நாள், அவர் மீன் தீனி வாங்கப் போயிருந்த நேரம், தெரு மொத்தமும் உள்ளே புகுந்தது. எல்லாரும் ஒவ்வொரு குடம்தான் எடுத்தோம், ஞாயமாக. நான் மட்டும் இரண்டு. வேர்க்குருவில் அழுதுகொண்டிருந்த என் குழந்தையை அதில்தான் குளிப்பாட்டினோம்.

அவர் திரும்பி வந்தபோது குளத்தில் ஒரு சாண் தண்ணீர், அதுவும் வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது. நாலு மீனும் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவன், "இத கொயம்பு வெக்கலாமா நைனா?" என்று கேட்டான். அவனை இன்றைக்கும் எனக்குப் பிடிக்காது. ஆனால் குடம் எடுத்த நான் எந்த விதத்தில் உசத்தி?

சாயங்காலம் மன்னிப்புக் கேட்கப் போனேன். செடித்தொட்டி ஓரமாக உட்கார்ந்திருந்தார். குழந்தையைக் குளிப்பாட்ட இரண்டு குடம் எடுத்ததைச் சொன்னேன்.

"பச்சையாவே வுட்டிருந்தா ஒருத்தனும் தொட்டிருக்க மாட்டான், இல்ல மாமு?"

சேம்பில் பழுத்த இலை ஒன்றைக் கிள்ளிப் போட்டுவிட்டு அவரே கேட்டார்.

"கொயந்த குளிச்சுதா?"

"குளிச்சுது நைனா."

"தூங்குச்சா?"

"தூங்குச்சு."

"அப்ப வுடு."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். அந்தத் தெருவில் எனக்குப் பிடித்த ஒரே மனிதர் அவர்தான் என்பதை, அவர் இருந்தவரைக்கும் அவரிடம் சொல்ல எனக்கு முகமில்லாமல் போயிற்று.