எங்க வீட்டு மண்

விடுமுறையில் ஆய்வகத்துக் குளிர்பெட்டி நின்றுபோயிருந்தது. கதவைத் திறந்ததும் அடித்த நாற்றத்திலேயே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பார்த்துப் பார்த்து வளர்த்த பாக்டீரியா மொத்தமும் பூஞ்சைக்கு இரையாகியிருந்தது.

லேசுப்பட்ட பாக்டீரியா இல்லை அது. அது சுரக்கும் நொதி, பச்சைத் தண்ணீரிலேயே துணியின் எண்ணெய்க் கறையைக் கரைத்துவிடும். சலவைத்தூள் கம்பெனிக்காரர்கள் அதை நேரில் பார்க்க அடுத்த வாரம் வருகிறார்கள்.

நல்லவேளையாக, அது கிடைத்த இடம் அவள் வீட்டுப் பின்புறக் குழாயடிதான். ஒரு கரண்டி மண் இருந்தால் மறுபடி வளர்த்துவிடலாம். வீட்டுக்கு ஓடினாள்.

குழாயடியில் மண்ணைக் காணோம். பளபளவென்று சிமென்ட் தரை இருந்தது.

மாமனார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். பழைய பஸ் கண்டக்டர். எதைச் சொன்னாலும் கடைசி சீட்டு வரை கேட்கும். "என் மருமகளுக்குப் பேரு வாங்கிக் குடுத்த மண்ணும்மா. கண்டவங்க காலு படலாமா? அதான் அள்ளி, தெருவுக்கே ஆளுக்கொரு பிடி குடுத்துட்டு, பள்ளத்தைப் பூசிட்டேன்."

பெருமையில் செய்தவரிடம் என்ன கோபப்படுவது? வீடு வீடாகக் கேட்டுப் போனாள். எதிர்வீட்டு டீச்சர், பூச்சி இருக்குமென்று மண்ணை வாணலியில் வறுத்து வைத்திருந்தார். தையல்காரர் வாசனையாக இருக்கட்டுமென்று பினாயில் ஊற்றிப் பிசைந்திருந்தார். இரண்டிலும் ஒரு உயிர்கூட மிஞ்சியிருக்காது.

அவள் முகத்தைப் பார்த்த கணவன், உதவுகிறேன் பேர்வழி என்று தெரு வாட்ஸ்அப் குழுவில் மண்ணைத் திருப்பித் தரச் சொல்லிப் போட்டுவிட்டான். மண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டோம் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? அவரவர் பூந்தொட்டியிலிருந்து அள்ளிக்கொண்டு வந்தார்கள். சாயங்காலத்துக்குள் வாசலில் ஒரு மேடே எழும்பிவிட்டது. அதில் மண்புழு நெளிந்தது. ஒரு ரோஜாப் பதியன்கூட இருந்தது.

"பாத்தியாம்மா, பிடி குடுத்தா மூட்டையா திரும்பி வருது," என்று பூரித்தார் மாமனார். இதில் எது நம் மண் என்று அவள் கேட்டபிறகுதான் அவருக்கு உறைத்தது.

கடப்பாரையை எடுத்து, தான் பூசிய தரையைத் தானே உடைத்தார். அடியில் வெறும் பாறை. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாம் என் வாயால கெட்டுதும்மா."

அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். "விடுங்க மாமா. எங்க ஆபீஸ்ல நான் என்ன வேலை செய்யறேன்னே பாதிப் பேருக்குத் தெரியாது. நீங்க தெருவுக்கே தெரிய வெச்சிருக்கீங்க."

இடிக்கிற சத்தம் கேட்டு, பக்கத்து வீட்டு அக்கா சுவர்மேல் எட்டிப் பார்த்து விசாரித்தாள். மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்த மண் உலகத்தில் வேறெங்கும் கிடைக்காது, மூன்று தலைமுறையாகத் தங்கள் குடும்பத்துக்கே உரிய மண் என்று சொன்னார்.

அக்கா குழப்பத்தோடு அவரைப் பார்த்தாள்.

"என்னங்க சொல்றீங்க? நீங்க வீடு கட்டினப்ப இந்தப் பள்ளத்தை ரொப்ப, எங்க எண்ணெய் மில்லுக்குப் பின்னாடி கசடு கொட்டற இடத்துலேர்ந்துதானே வண்டி வெச்சு அள்ளிட்டு வந்தீங்க? மிச்சம் இன்னும் அங்க மலையா கிடக்குதே."