முடி நுழையாத ஜாயிண்ட்

இனி என் வீட்டு வாசற்படியை எந்த ஆசாரியும் மிதிக்கக் கூடாது. 2008 கிறிஸ்துமஸ் லீவு தொடங்கியதுமே இப்படியொரு சபதம் எடுத்தேன். காரணம், என் தம்பி சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த ரம்பம். சாதாரண ரம்பமா அது? அலுமினியத் தண்டவாளத்தின் மேல் கரண்டில் ஓடிக்கொண்டே பலகையை அறுக்கும். கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் வேறு யாரிடமும் அப்படி ஒன்று இல்லை. வீடு வீடாகப் போய் நானே விசாரித்துவிட்டேன்.

துணி அலமாரி செய்ய எட்டடி பிளைவுட் இரண்டு வந்து இறங்கியது. ரம்பத்தோடு வந்த தண்டவாளம் ஒவ்வொன்றும் நாலரை அடிதான். இரண்டை நீளவாக்கில் சேர்த்து ஸ்க்ரூ முடுக்க வேண்டும். எனக்கா சொல்லித் தர வேண்டும்? பிளாண்ட்டில் நான் பைப் ஜாயிண்ட் போடுகிறவன். என் சர்வீஸில் ஒரு சொட்டு ஒழுகியது கிடையாது. முனையோடு முனையை முட்டவைத்து இறுக்கு இறுக்கென்று இறுக்கினேன்.

"ஜெசிந்தா, இங்க வா. ஒரு முடி நுழையுமா பாரு."

என் மனைவி ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தாள்.

"முடி நுழையாது. ஆனா நடுவுல வளைஞ்சிகினு கீதே."

"உன் கண்ணுதான் வளைஞ்சிகினு கீது."

"வெட்டு கோணையா போச்சுன்னா?"

"ஆசாரியவே கூப்டுக்கோ. நேரா வந்துச்சின்னா, இந்தக் குடும்பத்துல இனிமே யாரும் ஆசாரிய கூப்பிடக் கூடாது."

"குடும்பம்னா எங்க அண்ணன் வூடும் சேத்தியா?"

"மொத்தக் குடும்பமும் சேத்திதான்."

கொஞ்ச நேரம் யோசித்தாள். "சரிங்க" என்றாள்.

பார்க்க ஆள் இல்லாவிட்டால் அது என்ன வெற்றி? எதிர்வீட்டு சம்பத்தைக் கூட்டிவரப் போனேன். அங்கே காபி கொடுத்தார்கள். ரம்பத்தின் பெருமையை அடியிலிருந்து நுனிவரை சொல்லிவிட்டுத்தான் அவரோடு திரும்பினேன்.

ரம்பத்தை வைத்தேன். தள்ளினேன். எட்டடியும் நூல் பிடித்த மாதிரி வெட்டு.

சம்பத் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். "கம்பெனி வெட்டு மாதிரி கீது அண்ணாத்த."

"எல்லாம் ஜாயிண்ட்டுல கீது சம்பத்து" என்றேன். பெருமையில் என் சட்டைப் பட்டன் தெறித்துவிடும் போலிருந்தது. ஜெசிந்தாகூட கைதட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் எனக்குக் கைதட்டியதே இல்லை. அப்போதாவது நான் உஷாராகியிருக்க வேண்டும்.

அவள் உள்ளே போய், படாளத்தில் புது வீடு கட்டிக்கொண்டிருக்கும் அண்ணன் ஏசுதாஸுக்குப் போன் போட்டாள். கூடம்வரை கேட்டது.

"அண்ணே, ஆசாரி வாணாம்னு சொல்லிடு. கிச்சன் அலமாரி, பீரோ, லாஃப்ட் கதவு எல்லாம் உன் மாப்ளையே செஞ்சித் தருவாரு. லீவு முழுக்க சும்மாதான் கீறாரு... வெட்டு நேரா வருமாவா? வரும்ணே. அந்தத் தண்டவாளத்துல முனை ரெண்டும் கோணையா கீது. முட்டவெச்சா வளையாம இன்னா பண்ணும்? இவரு காபி குடிக்கப் போன நேரத்துல ஸ்க்ரூவ லூஸ் பண்ணேன். நடுவுல நகம் கனத்துக்குச் சந்து வுட்டேன். இன்னொரு பிளைவுட்டோட நேரான ஓரத்துல ரெண்டையும் ஒட்டி வெச்சி முடுக்கிட்டேன்."

சம்பத் என் முகத்தைப் பார்க்காமல் பிளைவுட்டையே தடவிக்கொண்டிருந்தார்.

"நீ கவலப்படாதண்ணே. தண்டவாளத்த நான் சேத்துக் குடுத்துடறேன். இவரு தள்ளினா போதும்."